இல்லாத ஊரின் வரைபடம்

சம்மந்தியம்மா அந்தத் தாளை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். மொத்தம் எட்டு மடிப்பு. மடித்து வைத்தவன் நான் என்பதால் எனக்குத் தெரியும்.

விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கூடம். திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஒரு மரப்பலகை உண்டு. வீட்டில் கரையான் ஏறாத ஒரே இடம் அதுதான். அதனால் நான் படித்துக்கொண்டிருந்த தடித்த புத்தகத்தையும் அங்கேதான் வைப்பேன். ஏதோ செபப் புத்தகம் என்று நினைத்து அவர் அதைக் கையில் எடுத்தார். அட்டையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அதில் ஒரு பெண். கழுத்துவரை பெண், அதற்கு மேல் விட்டில்பூச்சி.

அவசரமாகத் திரும்ப வைக்கப் போனபோதுதான் உள்ளேயிருந்து தாள் விழுந்தது.

தாள் முழுக்க முக்கோணங்கள். பெரிய முக்கோணத்துக்குள் சின்ன முக்கோணங்கள். கோடுகளின் மேல் எண்கள். மூலைக்கு மூலை ஒரு வட்டம், வட்டத்துக்குள் புள்ளி. நடுவே நீல மையில் ஒன்று வளைந்து வளைந்து போயிற்று. நான் வரைந்தது ஆறு. பார்க்கிறவருக்கு அது பாம்பு.

"இது இன்னா மந்திரத் தகடுங்க?" என்றார்.

அவர் பெயர் செபஸ்தியம்மாள். வல்லத்துப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம். அவருடைய மகன் சகாயத்துக்கும் எங்கள் ஒரே மகள் அருளுக்கும் அன்று காலைப் பூசையில்தான் முதல் ஓலை வாசித்திருந்தார்கள். கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பார்கள். அதுதான் ஓலை. மூன்றும் முடிந்தால்தான் தாலி. அன்று ஒன்று முடிந்திருந்தது. இரண்டு பாக்கி.

"தகடு இல்லீங்க சம்மந்தியம்மா. மேப்பு. ஊரு மேப்பு."

"எந்த ஊரு?"

திண்டிவனம் என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வாயில் வரவில்லை. திண்டிவனத்தை அளந்தவன் நான். அந்த ஆற்றைத் திண்டிவனத்துக்குள் எங்கே கொண்டுபோய் வைப்பது?

"அப்படி ஒரு ஊரு கிடையாதுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"இல்லாத ஊருக்கு எதுக்குங்க மேப்பு?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

முக்கோணங்களோடு பிழைத்தவன்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் நில அளவைத் துறையில் இருந்தவன் என்பது தெரியும். புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி. எந்த நிலமும் சதுரமாக இருக்காது. ஆகவே அளக்கிறவன் அதை முக்கோணங்களாக வெட்டிக்கொள்வான். ஒவ்வொரு கோட்டுக்கும் நீளம் எழுதுவான். கல் நட்ட இடத்துக்கு ஒரு வட்டம் போடுவான். அரசாங்கத்தின் எந்தப் புலப்படத்தை எடுத்தாலும் இப்படித்தான் இருக்கும். நம் எல்லாருடைய வீடும் ஏதோ ஒரு முக்கோணத்துக்குள்தான் இருக்கிறது.

தொண்ணூற்று மூன்றுவாக்கில் என்னைத் திண்டிவனம் நகர அளவைக்குப் போட்டார்கள். விழுப்புரத்திலிருந்து தினமும் ரயில். அப்போது மீட்டர் கேஜ். முண்டியம்பாக்கம் வந்தால் சர்க்கரை ஆலையின் புளித்த வாசனை பெட்டிக்குள் ஏறும். பேரணி ஸ்டேஷன் தாண்டும்வரை சட்டையில் இருக்கும். நான் சன்னலுக்கு வெளியே பனைகளை எண்ணிக்கொண்டு போவேன். திரும்பும்போது மறுபக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எண்ணுவேன்.

எண்ணுவது எனக்கு ஒரு நோய். என் மனைவி தெரேசு ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள்: "இவரு எழவு வூட்டுக்குப் போனாக்கூட பந்தக்காலை எண்ணிக்கினுதான் நிப்பாரு."

நிஜம்தான். ஆனால் பந்தல்கால் ஒன்று குறைந்தால் விழப்போவது அவள் தலையிலும்தானே.

வானூர் சாலையில் வந்த நகரங்கள்

புத்தகங்கள் என்னுடையவை அல்ல. அருளுடையவை.

அவள் வானூர் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தாள். அந்தப் பக்கம் வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது பெட்டியின் கனம் குறைய, தலையணை தடிமனில் உள்ள நாவல்களைக் கழித்துவிட்டுப் போவார்கள். அவை சாலையோரப் பழைய பேப்பர் கடைகளுக்கு வந்து சேரும். அருள் பஸ் வரும்வரை அந்தக் கடையில் நின்று கிளறுவாள். அவள் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியில் முப்பத்தொரு நாவல்கள் சேர்ந்திருந்தன. எல்லாம் ஆங்கிலம். எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு நகரம்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் வாசலுக்குப் போகத் தோன்றும், வாசலில் எண்ண ஒன்றும் இருக்காது. ஒரு நாள் அந்தப் பெட்டியைத் திறந்தேன்.

நான் அதுவரை படித்த கதைகளுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ராஜா கதை என்றால் குதிரை வரும். துப்பறியும் கதை என்றால் பிணம் வரும். பேய்க் கதைக்குப் பாழடைந்த பங்களா. விஞ்ஞானக் கதைக்கு ராக்கெட். ராஜா கதையில் இன்ஸ்பெக்டர் வரமாட்டார்; பேய்க் கதையில் தண்ணீர் வரி கட்டச் சொல்லி யாரும் வரமாட்டார்கள்.

இந்த நாவல்களில் எல்லாரும் ஒரே தெருவில் குடியிருந்தார்கள்.

நான் முதலில் எடுத்த கதையில் ஒரு துறைமுக நகரம். அங்கே ஆறு காலையில் ஒரு திசையிலும் மாலையில் எதிர்த்திசையிலும் ஓடும். தெருவிளக்கு ஏற்றுவது விட்டில்தலை மனிதர்களின் குலத்தொழில். நெருப்பைப் பார்த்தால் பாய்ந்துவிடுவார்கள் என்பதால் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் ஏற்ற வேண்டும். கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பவனுக்குச் சங்கம் உண்டு. நீதிமன்றத்தில் இறந்தவர்கள் வந்து சாட்சி சொல்லலாம், ஆனால் குறுக்கு விசாரணைக்கு வரமாட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு வார்டு காணாமல் போய்விடுகிறது. வீடுகளோடு, ஆட்களோடு. அப்படி ஒரு வார்டு இருந்ததே யாருக்கும் நினைவில்லை. இரு பக்கத் தெருக்களும் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒரே ஒரு விளக்கேற்றும் பெண்ணுக்கு மட்டும், தெரு நீளத்துக்கு அளந்த கயிறு மிச்சமாகிறது. நேற்றுவரை சரியாக இருந்த கயிறு இன்று ஏன் மீதி?

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பாதி புரிந்தது. அதைவிட்டு எழுந்து வாசலுக்குப் போகத் தோன்றவில்லை.

ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பூச்சித் தலையும் பேசும் பிணமும் காரணமல்ல. அதையெல்லாம் ஒரு பக்கத்துக்கு யாரும் எழுதிவிடலாம். அந்த எழுத்தாளருக்குச் சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று தெரிந்திருந்தது. பிழைக்க வந்தவர்கள் ஊரின் எந்த மூலையில் குடிசை போட்டிருக்கிறார்கள், அவர்களை மற்றவர்கள் என்ன பெயர் சொல்லித் திட்டுகிறார்கள், மழை வந்தால் எந்தப் பாலத்தடியில் முதலில் தண்ணீர் நிற்கும், எல்லாம் இருந்தது. சாக்கடையைச் சொல்கிற எழுத்தாளரை நான் நம்பிவிடுவேன். நம்பிய பிறகு விட்டில்தலை ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஊர் என்றால் நாலு விதமான ஆட்கள் இருக்கத்தானே செய்வார்கள்.

பனமலை ஏரியில் வைத்துப் பார்த்தது

காணாமல்போன வார்டு எங்கே இருந்திருக்கும் என்ற கேள்வி என்னை அரித்தது. கதையில் அதைக் கண்டுபிடிக்க வேண்டிய இன்ஸ்பெக்டர் தன் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தார். இவரை நம்பிப் பயனில்லை என்று நானே அளக்க ஆரம்பித்தேன். துறைமுகத்திலிருந்து மீன் சந்தைக்கு வண்டியில் எவ்வளவு நேரம், பாலத்தின் மேலே நின்றால் எந்தக் கோபுரம் இடதுபக்கம் தெரிகிறது என்று வரிவரியாகப் பொறுக்கி, முக்கோணம் முக்கோணமாகக் கட்டினேன். வேறு எப்படி வரைவது என்று எனக்குத் தெரியாது.

அளவு சரியாக வருகிறதா என்ற சந்தேகம் வந்தபோது பனமலைக்குப் போனேன். மலைமேல் கோயில் மதிலோரம் காற்றில் தாள் பறக்காமல் நாலு கல்லை வைத்துவிட்டு, கீழே ஏரியைப் பார்த்து, அந்த நகரத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். கொள்ளவில்லை. நகரத்தின் கீழ்ப்பேட்டை முழுவதும் யாருடைய கேப்பைக் கொல்லையிலோ போய் நின்றது. அவர்களுக்கு இழப்பீடு தர வேண்டியிருக்கும் என்று கொஞ்ச நேரம் கவலைப்பட்டேன்.

வீட்டில் சொன்னபோது தெரேசு பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அருள் மட்டும் அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "ஆத்துக்கு அந்தாண்ட இன்னும் கொஞ்சம் கூட்டமா இருக்கணும்ப்பா" என்றாள். சரிதான். திருத்தினேன்.

அந்தத் தாள்தான் சம்மந்தியம்மாவின் கையில் இருந்தது.

அடுப்படி

"எங்க அக்கா வூட்டு வாசப்படியில இதே மாதிரிதான் ஒண்ணு பொதைச்சிருந்தாங்க" என்றார் செபஸ்தியம்மாள். "இதே முக்கோணம், இதே நம்பரு. தோண்டி எடுக்கறதுக்குள்ள ரெண்டு மாடு போச்சு. மூணாவதா எங்க மாமா."

பொய் சொல்கிற முகமல்ல அது. கண்ணில் பயம் இருந்தது. மகனுக்குப் பெண் எடுக்கப்போகிற வீட்டில் சாமி படத்துக்குக் கீழே இப்படி ஒன்றைக் கண்டால் எந்தத் தாய்க்கும் அப்படித்தான் இருக்கும்.

"இதையெல்லாம் யாருங்க படிக்கறது?"

சமையலறை வாசலில் காபித் தட்டோடு அருள் நின்றிருந்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"நான்தாங்க. ரிடையர் ஆயி சும்மா இருக்கறேனில்ல, பொழுது போவணுமே. புஸ்தகம், மேப்பு எல்லாம் என்துதான்."

அருளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அதற்கு முன்பு இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. ஒன்றில் நிறம், இன்னொன்றில் அவள் சம்பளம் அதிகம் என்ற குறை. மூன்றாவது ஒரு தாளால் போகக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை.

செபஸ்தியம்மாள் கொஞ்சம் ஆறினார். "புஸ்தகம் போவட்டும். அச்சடிச்சது, நாலு பேரு கை பட்டது, அதுல ஒண்ணும் ஏறாது. கையால எழுதறதுதான் பிடிக்கும். இதை எரிச்சிடுங்க சம்மந்தி. என் கண்ணு முன்னாடியே எரிச்சிடுங்க. அப்புறம் எனக்கு ஒண்ணும் இல்ல."

பின்கட்டில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான்தான் போட்டேன். ஓரங்கள் முதலில் சுருண்டன. துறைமுகம் போயிற்று. மீன் சந்தை போயிற்று. சம்மந்தியம்மா சிலுவை போட்டுக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொன்னார். பிறகு உண்மையாகவே நிம்மதியாகி, உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டு, செஞ்சி வண்டிக்குக் கிளம்பினார். போகும்போது அருளின் கன்னத்தைத் தடவிவிட்டுத்தான் போனார்.

ஓலையை நிறுத்து

"எதுக்குப்பா உன்துன்னு சொன்ன?" என்றாள் அருள்.

"வேற இன்னா சொல்றது?"

"என்துன்னு சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா?" தெரேசு உள்ளேயிருந்து வந்தாள். "சொல்லியிருந்தா அந்தம்மா அப்பிடியே எழுந்து போயிருக்கும். அப்புறம் நீயும் அந்தப் பூச்சி மூஞ்சியும் ஒண்ணா குந்திக்கினு இருக்கவேண்டிதான்."

அருள் தோசைத் தட்டை எடுத்துக்கொண்டாள். என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "இன்னிக்கு உன் பேப்பரை எரிச்சாங்க. நாளைக்கு அந்த வூட்ல நான் படிக்கறதைப் பாத்தா இன்னா பண்ணுவாங்க? நான் ஒளிச்சி வெச்சிப் படிக்கணுமா? கொல்லைக்குப் போயிப் படிக்கணுமா? அவரு இன்னா சொல்றாருன்னு எனக்குத் தெரியணும். அவர்கிட்ட நான் பேசணும். அதுவரைக்கும் ரெண்டாவது ஓலை வேணாம்."

"கல்யாணத்துக்கு அப்புறம் பேசிக்கலாமே" என்றேன்.

"மூணு ஓலையும் ஆனப்புறம் பேசி இன்னாப்பா?"

அவளுக்கு வாக்குவாதம் செய்யத் தெரியாது. ஒருமுறை சொல்வாள், பிறகு வேலையைப் பார்ப்பாள். அதுதான் பயமாக இருந்தது. கூடத்துச் சன்னல் கம்பிகளை எண்ணினேன். எப்போதும் வருகிற எண்ணிக்கையே வந்தது, ஆனாலும் திரும்ப எண்ணினேன்.

அவள் வாளியோடு போகிற வழியில் நின்று சொன்னாள்: "அத்தை கேட்டாங்க இல்ல, இல்லாத ஊருக்கு எதுக்கு மேப்புன்னு. இருக்கற ஊருக்கு கவர்மெண்ட்டு போடும். இல்லாத ஊருக்கு யாரு போடுவா? படிக்கறவங்கதான் போட்டுக்கணும்."

கோயிலில் ஓலை வாசிக்கும் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். காரணத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. அவர் நல்ல மனிதர். "சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாக்கிறேன். நீங்க வந்து சரின்னு சொன்னா ஞாயிறு வாசிப்பேன், வரலைன்னா வாசிக்கமாட்டேன்" என்றார்.

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே

சகாயம் திண்டிவனத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். சனிக்கிழமை மதியம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலுக்கு வரச் சொன்னோம். நிச்சயம் முடிந்த பெண்ணும் பையனும் தனியாகப் பேசக்கூடாது. நான் உடன் போனேன். ஒரே மேசையில் உட்கார்ந்தால் அவர்கள் பேச முடியாது. நான் பக்கத்து மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எதிர்ச்சுவரில் கண்ணாடி இருந்ததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

காபி வருவதற்கு முன்பே அருள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசைமேல் அட்டை தெரிய வைத்தாள்.

"இது என்து. அப்பாது இல்ல. வூட்ல இன்னும் முப்பது இருக்கு."

சகாயத்தின் விரல்நுனிகள் வார்னிஷ் பட்டுப் பழுப்பேறியிருந்தன. அவன் அட்டையைத் தொடவில்லை. வெகுநேரம் பார்த்தான்.

"எல்லாத்துலயும் பூச்சித் தலைதானா?"

"இல்ல. ஒண்ணுல மீனு."

"அம்மா ரொம்ப பயந்துட்டாங்க."

"தெரியும். நீங்க?"

"பொய் சொல்லக்கூடாது. இதைப் பாத்தா எனக்கும் கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருக்குது." பிறகு கேட்டான்: "அந்த மேப்பைப் பாக்கலாமா?"

"எரிச்சாச்சு."

"யாரு எரிச்சது?"

"அப்பாதான். உங்க அம்மா எரிக்கச் சொன்னாங்க."

அவன் என் முதுகைத் திரும்பிப் பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது. வீட்டில் அவனுக்கு இதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் இல்லாத காபியை உறிஞ்சினேன்.

அருள் தம்ளரில் விரலை நனைத்து மேசையில் ஒரு கோடு இழுத்தாள். "இது ஆறு. காலையில இப்பிடிப் போவும். சாயங்காலம் இப்பிடித் திரும்பிப் போவும்."

"நெசமாவா?"

"கதையில."

அவன் கொஞ்சம் குனிந்தான். "அப்ப கரண்டு எப்பிடி எடுக்கறாங்க?"

"கரண்டு இல்ல. விளக்குதான்."

"ரெண்டு பக்கமும் ஓடற ஆத்தை வெச்சிக்கினு கரண்டு எடுக்காம உட்டா எப்பிடி? ரெண்டு பக்கமும் சுத்தற மாதிரி ஒண்ணு பண்ணிட்டா ஊருக்கே போதுமே." அவனும் விரலை நனைத்தான். "எங்க வேகம் ஜாஸ்தி? பாலம் எங்க இருக்குது?"

அருள் பாலம் போட்டாள். அது மீன் சந்தைக்கு மேற்கே வரவேண்டும். கிழக்கே போட்டுவிட்டாள். எனக்குக் கால் நிற்கவில்லை. பாதி எழுந்தேன். சர்வர் பில்லோடு வந்துவிட்டார். உட்கார்ந்தேன்.

பிறகு அவர்கள் குரல் தாழ்ந்துவிட்டது. பக்கத்தில் ஜூஸ் கடை மிக்சி வேறு. தண்ணீர்க் கோடுகள் காயக் காய அவள் திரும்பத் திரும்பப் போட்டாள். அவன் ஒருமுறை சிரித்தான். ஒருமுறை "அந்தப் பொண்ணுக்கு மட்டும் எப்பிடி ஞாபகம் இருக்குது?" என்று கேட்டது காதில் விழுந்தது. அவள் சொன்ன பதில் விழவில்லை.

கடைசியில் அவன் எழுந்து என் மேசைக்கு வந்தான்.

"மாமா, அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். அவங்க கேட்டா இது இவங்க புஸ்தகம்னே சொல்லுவேன். நீங்க இனிமே உங்களுதுன்னு சொல்லவேணாம்."

"அவங்க மனசு கஷ்டப்படுமேப்பா."

"படும். ஒரு வாரம் சாப்பிடமாட்டாங்க. அப்புறம் சாப்பிடுவாங்க." அருள் கொடுத்த புத்தகத்தைப் புரட்டினான். "எனக்கு இங்கிலீஷ் அவ்ளோ வராது."

"அப்பாவுக்கும் வராது" என்றாள் அருள். "அகராதி வெச்சிக்கினுதான் படிச்சாரு."

செஞ்சி போகும் பஸ் நின்றிருந்தது. அது வல்லம் வழி போகிற வண்டி. உள்ளே பாதிப் பேர் அவன் ஊர்க்காரர்கள். அவன் கையில் ஒரு துணிப்பை இருந்தது. புத்தகத்தை அதற்குள் போட்டுக்கொள்வான் என்று நினைத்தேன். போட்டுக்கொண்டால் தப்பில்லை, நானாக இருந்தால் செய்தித்தாளைச் சுற்றியே போட்டிருப்பேன். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, விட்டில்தலை வெளியே தெரியப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி ஏறினான். படியில் நின்ற ஒரு பெரியவர் அட்டையைப் பார்த்து ஏதோ கேட்டார். அவன் எடுத்துக் காட்டினான்.

பஸ் நகர்ந்தது. நான் அருளைப் பார்த்தேன். அவள் பஸ்ஸைப் பார்க்கவில்லை. கைப்பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள்.

"விழுப்புரம் வண்டி அந்தாண்ட நிக்குதுப்பா, ஜல்தி வா" என்றாள். "போற வழியில சாமியாரைப் பாத்து, நாளைக்கு ஓலை வாசிக்கச் சொல்லிட்டுப் போயிடலாம்."